நாற்பத்தொன்றாவது பெயர்

நம் பள்ளியில் படித்தவர்களிடம் பிறந்த நாள் எப்போது என்று கேட்டால் இரண்டு பதில்கள் வரும். ஒன்று அம்மா சொன்னது: ஏரி உடைந்த வருடம், அறுப்புக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை. மற்றொன்று சான்றிதழில் உள்ளது: ஜூன் முதல் தேதி. அண்ணன், தம்பி, எதிர் வீட்டுக்காரன், பங்காளி, பகையாளி எல்லோருமே ஜூன் முதல் தேதி பிறந்தவர்கள்தான். வருடம் மட்டும் மாறும். உங்களுடையதும் அப்படித்தான் இருக்கும். இல்லையென்றால் நீங்கள் வேறு பள்ளியில் படித்திருப்பீர்கள்.

ஆண்டு விழா மலருக்குப் பள்ளியின் வரலாற்றை எழுதித் தரவேண்டும் என்று இப்போதைய தலைமை ஆசிரியை என்னிடம் கேட்டார். முப்பத்தைந்து வருடம் பத்திரிகை ஆபீசில் உட்கார்ந்து மற்றவர்கள் எழுதியதைத் திருத்தியவன் என்பதால் என்னைப் பிடித்தார்கள். பழைய சேர்க்கைப் பதிவேடுகளை பீரோவிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். எல்லாவற்றுக்கும் முந்தைய பதிவேட்டின் முதல் பத்துப் பதினைந்து தாள்களைக் கரையான் தின்றிருந்தது. ஆகவே பள்ளி எந்த வருடம் தொடங்கியது என்பதற்குச் சான்று இல்லை. ஏரிக்கரை மண்டபத்தில் தொடங்கியது என்கிறார்கள் சிலர். ஒரு பெரிய நிலக்காரரின் மாட்டுக் கொட்டகையில் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டுக்கும் சாட்சி கிடையாது. எனவே நான் கண்ணால் பார்த்த ஒரு ஜூன் மாதத்தை மட்டும் எழுதுகிறேன். அந்த ஜூனில் நம் பள்ளிக்கு ஒரு பிள்ளை குறைந்தது.

அப்போது நம் ஊர் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. உத்திரமேரூரில் பஸ்ஸை விட்டு இறங்கி ஏரிக்கரை மேலேயே முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். பள்ளி என்பது ஒரே கூடம். மேலே நாட்டு ஓடு, சுற்றிலும் இடுப்பளவுச் சுவர், அதற்கு மேல் மூங்கில் தட்டி. மணிக்குப் பதிலாகப் பூவரச மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. ரயிலே வராத ஊருக்கு அது எப்படி வந்தது என்று யாரும் கேட்டதில்லை. இப்போது எங்கே போனது என்றும் யாருக்கும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் கரும்பலகைக்கு வேலை நடக்கும். ஊமத்தை இலையும் அடுப்புக்கரியும் சேர்த்து அரைத்துப் பூசுவோம். சனி, ஞாயிறு காய்ந்து, திங்கட்கிழமை கூடமே பச்சை வாடை அடிக்கும். எனக்கு இன்றும் திங்கட்கிழமை என்றால் அந்த வாடைதான்.

ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள். நான்கும் ஐந்தும் பெரிய வாத்தியாரிடம். அவர்தான் தலைமை ஆசிரியர். ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புகள் டீச்சரிடம். டீச்சர் உத்திரமேரூரிலிருந்து கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்து வருவார். இரண்டு பேரும் கூடத்தின் இரண்டு கோடியில் நின்று பாடம் எடுத்தார்கள். நடுவில் உட்கார்ந்தவர்களுக்கு ஒரு காதில் வாய்ப்பாடும் மறு காதில் ஆத்திசூடியும் விழும்.

பள்ளியில் சேர்ப்பதற்கு இருந்த பரீட்சை உங்களுக்குத் தெரியும். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது முடிந்துவிட்டது. தொடாவிட்டால் அடுத்த வருடம் வரலாம். பிறப்புச் சான்றிதழ் யாரிடமும் இல்லை. பெரிய வாத்தியார் இந்த விஷயத்தில் கறாரானவர். "பெத்தவங்க பொய் சொல்லுவாங்க, கை சொல்லாது" என்பார். கை தொட்டதும் பதிவேட்டைத் திறந்து, அந்த ஜூன் முதல் தேதியிலிருந்து ஐந்து வருடம் பின்னால் எண்ணிப் பிறந்த தேதி எழுதுவார். நம் எல்லோருடைய ஜாதகமும் அப்படி எழுதப்பட்டதுதான்.

என் பரீட்சையில் ஒரு சிக்கல் நேர்ந்தது. நான் இடது கையைத் தூக்கி வலது காதைத் தொட்டேன். "அந்தக் கை இல்லடா" என்று வலது கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். அன்றே அவருக்கு என் இடது கை தெரிந்துபோயிற்று. நான் பலகையில் எழுதும்போது பக்கத்தில் வந்து நின்றால், எழுதுகிற கையின் முட்டியில் அடிக்கோல் விழும். டீச்சர் அப்படிச் செய்யவில்லை. ஒரு நாள் நான் எழுதுவதைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு வரிசையின் இடது ஓரத்துக்கு என்னை மாற்றி உட்காரவைத்தார். முழங்கை பக்கத்துப் பையனை இடிக்காமல் போயிற்று. அவர் செய்தது அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது.

நான் மூன்றாம் வகுப்புக்கு வந்த ஜூனில், பள்ளி திறந்த நான்காம் நாள், பெரிய வாத்தியார் எங்கள் எல்லோரையும் நிற்கவைத்து ஒரு காகிதத்தைப் படித்தார். இரண்டு ஆசிரியர் வேண்டுமென்றால் பதிவேட்டில் நாற்பத்தொரு பெயர் வேண்டும். நாற்பது பெயர்தான் இருந்தது. கோடையில் ஒரு குடும்பம் தறி வேலைக்காகக் காஞ்சிபுரம் போய்விட்டது. அதில் மூன்று பிள்ளைகள் நம் பள்ளி. புதிதாகச் சேர்ந்தவர்களைக் கணக்கில் சேர்த்த பிறகும் ஒன்று இடித்தது. மாதக் கடைசியில் இன்ஸ்பெக்டர் வந்து தலை எண்ணுவார். குறைந்தால் டீச்சருக்கு மாற்றல், மதுராந்தகம் பக்கம்.

நான் உடனே கணக்குப் போட்டேன். டீச்சர் போனால் ஐந்து வகுப்பும் பெரிய வாத்தியாரிடம். என் முட்டி, அவர் அடிக்கோல். இரண்டு வருடத்துக்குப் பதில் மூன்று வருடம்.

டீச்சர் மாலை வேளைகளில் குடையோடு தெருத்தெருவாக நடந்தார். நாங்கள் நாலைந்து பேர் பின்னாலேயே போனோம்.

"அஞ்சு வயசுப் பிள்ளை யாராவது இருக்கா வீட்டில?"

"அஞ்சு வயசுல எரும தான் டீச்சர் கீது. இட்டுகினு போறீங்களா?"

அடுத்த வீட்டில் ஒரு பெண் வயிற்றைத் தடவிக் காட்டினாள். "இதோ ஒண்ணு வந்துகினே கீது. இன்ஸ்பெட்டர கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க."

டீச்சரும் சிரித்தார். ஆனால் எந்த வீட்டிலும் ஐந்து வயதுப் பிள்ளை இல்லை. இருந்தவர்கள் எல்லோரும் ஏற்கெனவே எங்களோடு பலகையும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

அக்கா வாசலில் நின்றிருந்தாள், இடுப்பில் தம்பியோடு. தம்பிக்கு நாலு வயது முடிந்து சில மாதம். நன்றாக நடப்பான், ஓடுவான். ஆனாலும் அக்காவின் இடுப்பைவிட்டு இறங்கமாட்டான். அக்காவுக்குப் பத்து வயது. அவளும் ஒரு காலத்தில் பள்ளியில் இருந்தவள்தான். முதல் வகுப்பில் பாதி வருடம் படித்தாள். தம்பி பிறந்தான். அம்மா வயல் வேலைக்குப் போகவேண்டும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அக்காவை நிறுத்தினார்கள், பதிவேட்டில் பெயர் அடிக்கப்பட்டது. இரண்டு வருடம் கழித்து என்னைச் சேர்த்தார்கள். நான் பையன். என்னைச் சேர்ப்பதா வேண்டாமா என்று எங்கள் வீட்டில் பேச்சே வரவில்லை.

டீச்சர் அக்காவைப் பார்க்கவில்லை. அவள் இடுப்பில் இருந்தவனைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் அவனைத்தான் பார்த்தோம்.

மறுநாளே தம்பியைப் பள்ளிக்குக் கொண்டுபோனோம். பெரிய வாத்தியார் அவனைத் தூணோடு ஒட்டி நிறுத்தி, கையைத் தூக்கச் சொன்னார். கை உச்சந்தலையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டது. வாத்தியார் குனிந்து, விரல் நுனிக்கும் காதுக்கும் நடுவே தன் விரல்களை வைத்துப் பார்த்தார்.

"ரெண்டு வெரக்கடை குறையுது. மாசக் கடைசிக்குள்ள எட்டிச்சுன்னா கொண்டா."

மூன்று வாரத்தில் ஒரு பிள்ளையின் கையை இரண்டு விரற்கடை நீட்டுவது எப்படி என்பது ஊர்ப் பிரச்சினை ஆயிற்று. ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். விளக்கெண்ணெய் போட்டுத் தோளிலிருந்து விரல்வரை நீவினார்கள். வேப்பங்கிளையைப் பிடித்துத் தொங்கவிட்டார்கள். அவன் தொங்குவதை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு இறங்க மறுத்தான். கிணற்றடியில் ஒருவர் அவனை நிறுத்தி நாலா பக்கமும் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "கை சரியாத்தான் கீது. தலைதான் பெருசு. இதுக்கு யாரு இன்னா பண்ண முடியும்?" என்றார்.

அந்தப் பேச்சை நைனா பிடித்துக்கொண்டார். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

"கை நீளலன்னா இன்னா? தலயக் கொறைக்கலாம்."

அம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். "இன்னா பண்ணப் போற என் புள்ளய?"

"மொட்ட அடிக்கப் போறேன். முடியே அர வெரக்கட கீது."

"ஆடி மாசம் அம்மனுக்கு அடிக்கறதா வேண்டிகினு கீறோம். இது ஆனி."

"முன்னாடியே குடுத்தா சாமி வேணான்னா சொல்லும்? இன்ஸ்பெட்டர் ஆடிவரைக்கும் நிக்க மாட்டான், அம்மன் நிக்கும்."

அம்மா ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து அம்மன் படத்துக்கு முன்னால் வைத்து, மாதம் மாறுவதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். மறுநாள் காலை ஏரிக்கரைப் புங்கமரத்தடியில் தம்பிக்கு மொட்டை. முடி எடுப்பவர் விஷயத்தைக் கேட்டுக் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "சாமிக்கு மொட்ட அடிச்சிருக்கேன், சாவுக்கு அடிச்சிருக்கேன், பேன்னு வந்து அடிச்சிருக்கேன். இஸ்கூலுக்கு அடிக்கறது இதான் மொத தபா."

முடி போனதும் தம்பியின் காதுகள் முன்னைவிட எடுப்பாகத் தெரிந்தன, தூரமாகவும் தெரிந்தன. சந்தனம் பூசிய தலைக்கு மேலே கையைத் தூக்கிப் பார்த்தோம். ஒரு விரற்கடை பாக்கி. ஆனால் அதற்குள் அவன் ஒரு உபாயம் கண்டுபிடித்திருந்தான். தலையை வலது பக்கம் சாய்த்தால் இடது காது தானாக மேலே வந்து விரலைத் தொட்டது. எங்களுக்கு நம்பிக்கை பிறந்தது.

பயிற்சி முழுவதும் அக்கா பொறுப்பு. காலையிலும் மாலையிலும் அவனை எதிரில் நிற்கவைத்து, "டேய், என்னப் பாரு. நேரா தூக்கு. தலைக்கு மேல. இப்டி" என்று செய்து காட்டுவாள். ஒரு நாளைக்கு இருபது முறையாவது அவள் கை தலைக்கு மேலே போய் காதைப் பிடித்துக்கொண்டு நிற்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து தம்பியின் கையை மட்டும் அளந்துகொண்டிருந்தேன்.

ஒரு சாயங்காலம் எண்ணெய் நீவும்போது அவளிடம் கேட்டேன்.

"இவன் சேந்துட்டா நீ இன்னா பண்ணுவ?"

"அம்மாகூட களைக்குப் போவேன். நைனா சொல்லிட்டாரு."

"அப்ப நல்லதுதான்" என்றேன்.

அவள் தம்பியின் மற்றக் கையை எடுத்து மடியில் வைத்து நீவத் தொடங்கினாள். இதை எழுதும்போது அந்த "நல்லதுதான்" என்ற சொல்லை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். சொன்னதைச் சொன்னபடி போடுவதுதான் முறை.

இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்தார். கால்சட்டை செயினில் மாட்டாமல் இருக்கக் கணுக்காலில் கிளிப் போட்டிருந்தார். டீச்சர் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, பதிவேட்டைப் பிரித்து, பெயர் கூப்பிட்டுத் தலை எண்ணினார். நாற்பது பேரும் இருந்தோம். காய்ச்சலில் கிடந்த ஒருவனை அவன் அப்பா கம்பளியோடு தோளில் தூக்கிவந்து உட்கார வைத்திருந்தார். மூங்கில் தட்டிக்கு வெளியே பாதி ஊர் நின்றது.

"நாற்பதுதானே இருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஒரு பையன் இருக்கான் சார். பார்க்கணும்" என்றார் டீச்சர்.

அக்கா தம்பியை இறக்கித் தூணருகே நிறுத்தினாள். அவன் கையைத் தூக்கினான். தலை மெதுவாகச் சாய்ந்தது. விரல் காதைத் தொட்டது. வெளியே யாரோ "ஹே!" என்றார்கள்.

"தலையைச் சாய்க்கக் கூடாது" என்றார் பெரிய வாத்தியார். மொட்டைத் தலையை இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்தினார். விரலும் காதும் பிரிந்தன. ஒரு விரற்கடை, அதே ஒரு விரற்கடை.

நான் டீச்சரைப் பார்த்தேன். அவர் குடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பியின் உதடு பிதுங்கிற்று. அழப்போகிறான் என்று தெரிந்ததும் அக்கா கூடத்துக்குள் வந்து அவன் எதிரில் நின்றாள். இன்ஸ்பெக்டர் இருப்பதை அவள் மறந்துவிட்டாள். அது அவர்களுடைய தினசரிப் பாடம்.

"டேய், அழுவாத. என்னப் பாரு. நேரா… இப்டி."

அவளுடைய வலது கை தலைக்கு மேலே போயிற்று. காதைத் தொட்டது, தாண்டியது, தாடைவரை வந்து நின்றது.

மூன்று வாரமாக நாங்கள் எல்லோரும் அந்தக் கையைப் பார்த்திருக்கிறோம்.

"சார்," என்றார் டீச்சர். "இந்தக் கை எட்டுது."

"அது அவன் அக்கா" என்றார் பெரிய வாத்தியார்.

"தெரியும் சார். எட்டுதா, இல்லையா?"

இன்ஸ்பெக்டர் தன் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பேர் பதிவேட்டில இருக்கா?"

"இல்லை சார். நின்னு போச்சு, எடுத்தாச்சு" என்றார் பெரிய வாத்தியார்.

"அஞ்சு வயசு முடிஞ்சதா?"

ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒருவன், "அது எப்பவோ முடிஞ்சு போச்சு சார்!" என்றான். கூடம் முழுவதும் சிரித்தது. இன்ஸ்பெக்டர் அப்போதுதான் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். அவரும் சிரித்துவிட்டார்.

நைனா சிரிக்கவில்லை. தட்டிக்கு வெளியே இருந்து, "சார், இவ வந்துட்டா புள்ளய யாரு பாத்துக்கறது? அவ அம்மா களைக்குப் போவுது" என்றார்.

"அவனும் வரட்டும்" என்றார் டீச்சர். "பேர் இல்லாம அக்கா பக்கத்தில உட்காரட்டும். அடுத்த ஜூன்ல அவன் பேரையும் எழுதிக்கலாம்."

"பத்து வயசுல ஒண்ணாங் கிளாசா? ஊரே சிரிக்கும் டீச்சர்."

இதற்குள் யாரோ போய்ச் சொல்லி அம்மா வயலிலிருந்து வந்திருந்தாள். முழங்கால்வரை சேறு. கையில் பிடுங்கிய கோரை அப்படியே இருந்தது.

"சிரிக்கட்டும்யா" என்றாள். "நீ அடிச்ச மொட்டயப் பாத்து சிரிச்சாங்களே, அதோட சேத்து இதுக்கும் சிரிச்சுடட்டும்."

சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பிப் போனாள். நைனா தலைத்துண்டை அவிழ்த்து உதறி மறுபடி கட்டிக்கொண்டார். எங்கள் வீட்டில் நைனா தலைத்துண்டை உதறினால் பேச்சு முடிந்தது என்று பொருள்.

பெரிய வாத்தியார் அக்காவிடம் கேட்டார். "வரியா?"

அக்கா கேட்டது இதுதான்: "இன்னிக்கேவா சார்?"

வாத்தியார் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து, பேனாவை இரண்டு முறை உதறி, எழுத ஆரம்பித்தார். அக்கா மேசையருகே நின்றாள். தம்பி அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டிருந்தான். வழக்கத்தைவிட அவர் அதிக நேரம் எடுத்துக்கொண்டார் என்பது என் நினைவு. எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. நாற்பத்தொரு பெயர் ஆகிவிட்டது. டீச்சர் போகமாட்டார். என் முட்டி ஒரு வருடம் பிழைத்தது.

அந்த வருடம் முழுவதும் அக்கா முதல் வகுப்பில் எல்லோருக்கும் பின்னால் உட்கார்ந்தாள். முன்னால் உட்கார்ந்தால் பின்னால் இருப்பவர்களுக்குக் கரும்பலகை தெரியாது. தம்பி அவள் மடியில் தலைவைத்துத் தூங்குவான். மதிய உணவு பெயர் இருப்பவர்களுக்கு மட்டும். சமையல்காரம்மா அக்காவின் தட்டில் ஒரு கரண்டி அதிகமாகப் போட்டுவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். தீபாவளிக்கு முன்பே அவளை இரண்டாம் வகுப்பு வரிசைக்கு மாற்றினார்கள். முழு ஆண்டுப் பரீட்சைக்கு மூன்றாம் வகுப்புக் கணக்கை அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். அதில் எனக்கு வருத்தம் உண்டு, இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

அவள் ஐந்தாம் வகுப்பு முடித்துச் சான்றிதழ் வாங்கியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பிறந்த தேதி என்ற இடத்தில், அன்று சேர்ந்த ஜூனிலிருந்து சரியாக ஐந்து வருடம் பின்னால் எழுதியிருந்தது. பத்து வயதுப் பெண்ணுக்கு ஐந்து. அரசாங்கக் கணக்கில் என் அக்கா என்னைவிட இரண்டு வயது இளைய தங்கை ஆகிவிட்டாள். நைனா கத்தினார். "அந்த ஆளு பழக்க தோசத்துல எழுதிட்டான். பேஜாரு புடிச்ச ஆளு!" அக்கா மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. ஏதாவது படிவம் நிரப்பும்போது என்னை "அண்ணா, பேனா குடுங்க" என்பாள்.

அந்தத் தேதி அவளுக்கு நல்லதுதான் செய்தது. செவிலியர் பயிற்சியில் சேர வயது வரம்பு இருந்தது. உண்மை வயதில் அவள் அதைத் தாண்டியிருப்பாள். சான்றிதழ் வயதில் உள்ளே இருந்தாள். சேர்ந்தாள், ஆரம்ப சுகாதார நிலையங்களில் வேலை பார்த்தாள், நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் கழித்து ஓய்வு பெற்றாள். நான் ஆபீசில் இந்தக் கதையைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒரு குமாஸ்தாப் பிழை ஒரு வாழ்க்கையை எப்படி நடத்திச் சென்றது என்பதற்கு உதாரணமாகச் சொல்வேன். புதிதாகச் சேரும் பையன்களிடம், பழக்கத்தில் எழுதாதே, பார்த்து எழுது என்று முடிப்பேன்.

போன வாரம் பதிவேட்டைப் பார்க்கப் போனபோது அக்காவையும் தம்பியையும் கூட அழைத்துப்போனேன். தம்பிக்கு இப்போது யாரும் மொட்டை அடிக்க வேண்டியதில்லை, தானாகவே ஆகிவிட்டது. அக்கா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த ஜூன் மாதத் தாள் கிடைத்தது. நாற்பத்தொன்றாவது பெயர், நீலக்கறுப்பு மை, வாத்தியாரின் சாய்வில்லாத எழுத்து. பிறந்த தேதி நாங்கள் அறிந்ததுதான். ஆனால் கடைசிக் கட்டத்தில், குறிப்பு என்ற தலைப்பின் கீழ், சின்ன எழுத்தில் மூன்று சொற்கள் இருந்தன: "முந்தைய எண் காண்க." பக்கத்தில் ஓர் எண்.

பின்னால் புரட்டி அந்த எண்ணைப் பார்த்தேன். அக்காவின் முதல் சேர்க்கை. அவளுடைய பழைய பிறந்த தேதி அங்கே இருந்தது. பெயர்மேல் ஒரு கோடு, பள்ளியை விட்டு நின்ற காரணம், வாத்தியாரின் கையெழுத்து. எண் தவறவில்லை. அப்படியானால் அன்று அவர் பழைய தாளைப் புரட்டியிருக்கிறார், பத்து வயது என்பதைப் பார்த்திருக்கிறார், பார்த்த பிறகுதான் ஐந்து என்று எழுதியிருக்கிறார். பழக்கத்தில் எழுதியதல்ல. காரணம் எங்கும் எழுதப்படவில்லை. எழுதப்படாததை ஊகித்து எழுதும் வழக்கம் எனக்கில்லை.

அக்காவிடம் காட்டினேன்.

"தெரியுமே" என்றாள். "அவரு பொரட்டிப் பாத்தாரு. நான் பக்கத்துலதான நின்னுகினு இருந்தேன்."

"இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. 'எத்தினி வருசம் போச்சு'ன்னு கேட்டாரு. 'அஞ்சு சார்'னேன். 'சரி'ன்னு எழுதிட்டாரு."

"இத்தனை வருஷமா ஏன் என்கிட்ட சொல்லலை?"

"நீ கேக்கவே இல்லியேடா."

அது சரிதான். நைனா அவரைத் திட்டியதைக் கேட்டேன், நானும் ஊரெல்லாம் சொன்னேன். மேசையருகே நின்றவளை மட்டும் கேட்கவில்லை. அந்த மனிதரின் அடிக்கோலையே நினைத்துக்கொண்டிருந்ததில், அவர் பேனாவை நான் பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

தலைமை ஆசிரியை எங்களுக்குத் தேநீர் வரவழைத்தார். காது தொடும் பரீட்சையைப் பற்றிக் கேட்டார். அவர் காலத்தில் அது இல்லை. அக்கா எழுந்து நின்றாள். "இப்டித்தாம்மா" என்று வலது கையைத் தூக்கினாள். கை உச்சந்தலைவரை போய் நின்றுவிட்டது. இரண்டு வருடமாக அவளுக்குத் தோள்பட்டை பிடிப்பு. முகத்தைச் சுளித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் நீட்டினாள். பிறகு தலை மெதுவாக வலது பக்கம் சாய்ந்தது.

"யக்கா, தலய சாய்க்காத!" என்றான் தம்பி, தேநீரைக் கீழே வைத்துவிட்டு. "செல்லாது! எனக்கு மட்டும் ஒரு நாயம், உனக்கு ஒரு நாயமா?"

அக்கா சிரித்தாள். தலையை நிமிர்த்திக்கொண்டு மறுபடியும் கையைத் தூக்கினாள்.